கோடும் புள்ளியுமாய் ஒரு சிரிப்பு

தகாவோகா ஊரில் டிராம் பாதையை ஒட்டி இருந்த மினாகுச்சி முடிதிருத்தகத்தில் இரண்டே நாற்காலிகள். வாசல் பக்கத்து நாற்காலி தொகுஜியுடையது, உள்பக்கம் இருந்தது அவர் மனைவி கிமியேயுடையது. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அப்படித்தான். ஊர் ஆண்களில் பாதிப்பேர் தொகுஜியிடம்தான் தலையைக் கொடுத்தார்கள். முடி வளர்ந்துவிட்டதே என்று வந்தவர்களைவிட, அவர் பேச்சைக் கேட்டு நாளாகிவிட்டதே என்று வந்தவர்கள்தான் அதிகம். வெட்டி முடித்துத் துணியை உதறிய பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் சிலர் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வாடிக்கையாளர்களில் ஒருவர்தான் முதலில் கேட்டார். மதுக்கடைக்காரர். கிமியே வெந்நீர்த் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "என்னம்மா, வீட்ல சண்டையா? மாஸ்டர் கண்ணாடியில என்னை முறைச்சுக்கிட்டே வெட்டினாரு. நான் ஏதாவது எக்குத்தப்பாப் பேசிட்டேனா?"

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து கிமியே கணவரைப் பிடித்துக்கொண்டாள். "வர்றவங்களை ஏன் அப்படி முறைக்கிறீங்க?"

தொகுஜி அவளை ஏறிட்டுப் பார்த்தார். "முறைச்சேனா? சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்."

நாள் முழுக்கக் கண்ணாடி எதிரே நின்ற மனுஷன். ஆனால் அதில் அவர் பார்த்ததெல்லாம் அடுத்தவர் தலையைத்தான்.

அதற்குப் பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி தானாகவே உருட்டிக்கொண்டிருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் என்றார்கள். நடை குறுகும், குரல் இறங்கும், முகத்துத் தசைகள்கூட இறுகிப்போகும், உள்ளே சிரித்தாலும் வெளியே தெரியாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கிமியே தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். தெரிந்து வைத்திருப்பது ஒன்று. தினம் மூன்று வேளை அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது வேறு.

1991இல் கோடை தொடங்கியபோது தொகுஜி கத்தியைக் கீழே வைத்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து. வாசல் பக்கத்து நாற்காலிக்குக் கிமியே மாறிக்கொண்டாள். அவர் மாடி அறைக்குப் போய்விட்டார்.

நகோயாவில் வேலை பார்க்கும் மகள் சனாயேதான் அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்தாள். அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர், தொலைபேசிக் கம்பியில் மாட்டும் ஒரு மோடம், ஓரங்களில் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில் கிறீச்சென்று அச்சடிக்கும் ஒரு பிரிண்டர். "அப்பாவுக்குப் பொழுது போகணும்மா. இப்பல்லாம் ஊருக்கு ஊர் இப்படிப் பேசிக்கிறாங்க" என்றாள். பக்கத்துத் துறைமுக ஊரான ஷின்மினாத்தோவில் மருந்துக்கடை வைத்திருந்த ஹிரானுமா என்பவர் தன் கடைப் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டரைத் தொலைபேசியோடு இணைத்து வைத்திருந்தார். உறுப்பினர்கள் வீட்டிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டு, எழுத வேண்டியதை எழுதிப்போட்டு, மற்றவர்கள் எழுதியதைப் படிப்பார்கள். அந்த அறிவிப்புப் பலகைக்கு ‘பனியிடி’ என்று பெயர். அந்தக் கடற்கரையில் குளிர்காலப் பனி இடியோடுதான் வரும்.

சொந்தப் பேரில் அங்கே யாரும் எழுதுவதில்லை. ஹிரானுமா ‘மருந்துப்பெட்டி’. ஒருவர் ‘ஈரக்குடை’. எல்லோரையும் வம்புக்கிழுக்கும் ஒருவர் ‘நண்டு’. தொகுஜி தனக்கு ‘சவரக்கத்தி’ என்று பெயர் வைத்துக்கொண்டார்.

கிமியேவுக்கு அந்த இயந்திரத்தைக் கண்டாலே ஆகவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் ஒரே தொலைபேசி. "எப்பக் கூப்பிட்டாலும் பேசிக்கிட்டே இருக்கீங்களேம்மா" என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டார்கள். அவள் நின்று நின்று காலில் நரம்பு புடைக்க வெட்டிக்கொண்டிருப்பாள். மேலே டக், டக், டக் என்று ஒவ்வொரு எழுத்தாக விழும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் சாப்பாட்டுக்கு இறங்கி வருகிறார் என்று அர்த்தம்.

சாப்பாட்டு மேஜையில் அவள்தான் பேசுவாள். பேச்சு இருந்த வீடு அது, சும்மா இருக்க அவளால் முடியவில்லை. அன்றைக்குக் கடைக்கு யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று சொல்லுவாள். தொகுஜி மிசோ சூப்பைப் பார்த்தபடி இருப்பார். ஒரு இமை அசையாது. சொல்லி முடித்ததும் அவள் காத்திருப்பாள். அவர் கிண்ணத்தைக் கீழே வைப்பார், அவ்வளவுதான். சுவரோடு பேசினால்கூடக் கொஞ்சம் எதிரொலிக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அப்படி ஒரு வருஷம் பேசிப் பார்த்துவிட்டு ஒருநாள் அவள் நிறுத்திக்கொண்டாள். கோபம்தான். மூன்று வாரம் சாப்பாட்டு மேஜையில் உண்ணும் குச்சிகளின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றுதான் தொகுஜிக்கு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி வகுப்பும். அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, மாடி அறையைப் பெருக்கப் போனாள் கிமியே. பிரிண்டர் கக்கிய காகிதம் மடிப்பு மடிப்பாகத் தரையில் கிடந்தது. அதை எடுத்துக் கட்டுவதற்காகக் குனிந்தவள் கண்ணில் முதல் வரி பட்டது.

"என் மனைவி சொன்னது: இன்று கோயில் பூசாரி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம்போலப் போதும் என்றார். மழமழவென்று சிரைத்த தலை. வழக்கத்தை மீறி நான் எதைச் செய்துவிடுவேன் என்று பயந்தாரோ தெரியவில்லை (^_^)"

அவள் சொன்ன வார்த்தைகளேதான். ‘மழமழவென்று’ என்பதைக்கூட விடவில்லை. கிமியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மடிப்பைப் பிரிக்கப் பிரிக்க எல்லாம் அங்கே இருந்தது. பாதி மீசை மட்டும் எடுத்திருந்தபோது மதுக்கடைக்காரர் ஃபோனுக்கு எழுந்து ஓடியது, பள்ளிக்கூட வாத்தியார் நாற்காலியில் தூங்கி "எல்லாரும் உட்காருங்க" என்று கத்தியது, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் கீழே யார் யாரோ விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள்.

நண்டு எழுதியிருந்தார்: "யோவ் சவரக்கத்தி! உன் பொண்டாட்டியை இங்கே அனுப்பிவிட்டு நீ போய்க் கடையைப் பார். உன்னைவிட அவர்தான் நன்றாகப் பேசுகிறார்."

அதற்கு அவர் பதில்: "அனுப்ப மாட்டேன். அவள் பேசுவதைக் கேட்கத்தான் நான் சாப்பிடவே கீழே இறங்குகிறேன் (^_^)"

கடைசி மடிப்பில், போன வாரத் தேதியில் ஒரே ஒரு வரி: "மூன்று வாரமாகக் கடையில் சொல்லும்படியாக யாரும் வரவில்லை போலிருக்கிறது (^^;"

துடைப்பம் அவள் மடியிலேயே கிடந்தது. பன்னிரண்டு மணிக்கு அவரைக் கூட்டிவரப் போக வேண்டும் என்பது பன்னிரண்டே காலுக்குத்தான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் அந்தக் காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். "இதெல்லாம் நான் சொன்னதுதானே?"

"ம்."

"கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"காது நல்லாத்தானே இருக்கு."

"சரி, வரி முடியிற இடத்துலல்லாம் கூரை கூரையா ஏதோ கிறுக்கியிருக்கே. மிஷின் ரிப்பேரா?"

தொகுஜி அவளைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நடுங்கும் விரலை விசைமேல் கொண்டுபோய் நிறுத்த அவருக்கு நேரம் பிடித்தது. சில நேரம் விரல் எழும்பாமல் ஒரே எழுத்து வரிசையாக ஏழெட்டு விழும். அதைப் பார்த்துத்தான் நண்டு அவரைக் குடிகாரன் என்று கேலி செய்துகொண்டிருந்தார். "இது முகம்" என்றார் மெல்ல. "இந்த ரெண்டும் கண்ணு, மேல வளைஞ்சிருக்கு பாரு. நடுவுல கோடு வாய்." பிறகு ஓரத்தில் ஒரு சொட்டு வைத்த முகத்தைக் காட்டினார். "இது வழியிறது. அசடு வழியிறோமே, அது." கண்ணிலிருந்து இரண்டு கோடு இறங்கினால் அழுகை. இரண்டு பக்கமும் கை ஊன்றி நடுவில் தலை கவிழ்ந்திருந்தால் மன்னிப்புக் கேட்பது.

"இதை எதுக்குப் போடணும்?"

"எழுத்துக்கு முகம் கிடையாதே. சும்மா எழுதினா முறைக்கிற மாதிரி இருக்கும்."

கிமியே அவர் முகத்தைப் பார்த்தாள். அது திரையைப் பார்த்தபடி கல்லாக இருந்தது. சட்டென்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்த மாதங்கள்தான் அந்த வீட்டில் நல்ல மாதங்கள். வாடிக்கையாளர் வாயைக் கிளறிக் கிளறிக் கதை பிடுங்குவது அவளுக்கு வேலையாகிவிட்டது. "மாஸ்டருக்குச் சொல்ல வேணாமா, ஒழுங்காச் சொல்லுங்க" என்பாள். சாப்பாட்டில் சொன்னதை அவர் மாடியில் எழுதுவார். காலையில் காகிதத்தைப் பார்த்து எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ணுவாள். அவள் சொல்லும்போது அவர் முகத்தில் இப்போதும் எதுவும் தெரியாது. ஆனாலும் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

1993 நவம்பரில், நண்டு பிடிக்கும் பருவம் தொடங்கியதும், பனியிடிக்காரர்கள் எல்லோரும் நேரில் சந்திப்பது என்று முடிவாயிற்று. ஷின்மினாத்தோ துறைமுகத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, திங்கட்கிழமை மதியம்.

"போகணுமா?" என்று கிமியே கேட்டாள். உடம்பைப் பற்றி அங்கே யாருக்கும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"போகணும்" என்றார்.

டிராமில் போனார்கள். சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். கடை வாசலில் ஹிரானுமா ஒரு சீட்டு கொடுத்து, பலகைப் பேரை எழுதி நெஞ்சில் குத்திக்கொள்ளச் சொன்னார். தொகுஜியின் கையெழுத்து எறும்பு மாதிரி சிறுத்துப்போயிருந்ததால் அதையும் கிமியே எழுதினாள். உள்ளே நுழைந்ததும் அங்கிருந்த எட்டுப் பேரும் எழுந்து கைதட்டினார்கள். "சவரக்கத்தி-சான் வந்தாச்சு!"

தொகுஜி அசையாத முகத்தோடு நின்றார்.

நண்டு என்றால் யாரோ ஆண் என்றே கிமியே நினைத்திருந்தாள். நாற்பது வயதுப் பெண். ரிட்சு என்று பேர், துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தாள். அவள் எழுதுகிற மாதிரியேதான் பேசினாள். "யோவ், இவ்வளவு கோவக்காரனா நீ? நான் திட்டினதுக்கெல்லாம் ஒரே நாள்ல பழி வாங்கலாம்னு வந்துட்டியா?"

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். தொகுஜி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவர் சிரிப்பாக அடங்கியது. அவர் உதடு அசைந்தது, ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. "ஆங்?" என்றாள் ரிட்சு. மறுபடியும் சொன்னார். "என்ன சொல்றாரு?" என்று எதிர்வரிசையில் ஒருவர் கேட்டார். மூன்றாம் தடவை, "ஒண்ணுமில்ல" என்றார் தொகுஜி.

பக்கத்தில் இருந்த கிமியேவுக்குக் கேட்டிருந்தது. ‘நண்டு திங்கலாம்னு வந்தேன், நண்டே என்னைத் திங்குது’ என்றுதான் சொன்னார். அவள் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். தெரியாதவர்கள் கூட்டம், வாய் வரவில்லை. பின்னால் எத்தனையோ வருஷம் கழித்தும், தலை வெட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அந்த நிமிஷம் நினைவுக்கு வந்து அவள் கத்தரிக்கோல் நின்றுவிடும்.

ஹிரானுமா மெதுவாக, "உடம்புக்கு முடியலையா?" என்று விசாரித்தார். "இடுப்பு பிடிச்சிருக்கு" என்றார் தொகுஜி. அதன்பிறகு பேச்சு அவரைச் சுற்றிக்கொண்டு போனது. இரண்டு மணிக்கெல்லாம் கலைந்துவிட்டார்கள்.

அந்த வாரம் காகிதத்தில் வந்ததைக் கிமியேவும் படித்தாள். ஈரக்குடை எழுதியிருந்தார்: "சந்திப்பு நமக்கு மகிழ்ச்சி. எல்லோருக்கும் அப்படி இல்லை போலிருக்கிறது." அதற்குக் கீழே நண்டு: "நான் அளவு மீறிவிட்டேன். சவரக்கத்தி-சான், மன்னிக்க வேண்டும்." யோவ் போய் மரியாதைக்குச் சேர்க்கும் ‘சான்’ வந்திருந்தது.

தொகுஜி பதில் எழுதினார்: "நான் நன்றாகச் சிரித்தேன் (^_^)"

ஆனால் அந்தச் சிரிப்பை இப்போது யாரும் நம்பவில்லை. அவர்கள் நேரில் பார்த்த முகம் அந்தக் கோட்டுக்கும் புள்ளிக்கும் பின்னால் வந்து நின்றுகொண்டது. பெரிய மனசு என்று நன்றி சொன்னார்கள். மரியாதையாக எழுதினார்கள். அவர் போட்ட பூசாரிக் கதை ஒன்றுக்கு இரண்டே பேர் பதில் போட்டார்கள், அதுவும் ஜாக்கிரதையாக.

"சிரிச்சேன்னுதானே எழுதறேன்" என்றார் தொகுஜி, சாப்பாட்டு மேஜையில். அவராக வாயைத் திறந்து சொன்னதே அபூர்வம். "நம்ப மாட்டேங்கறாங்க."

அடுத்த திங்கள் காலை அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தவள் நேரே மாடிக்குப் போனாள். எந்த விசைக்குப் பிறகு எந்த விசை என்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகியிருந்தது. ஒற்றை விரலால் தட்டினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"நான் சவரக்கத்தியின் மனைவி. என் கணவருக்கு பார்க்கின்சன் நோய். நான்கு வருஷமாகிறது. அவர் முகம் அசையாது. அதனால்தான் அன்றைக்கு அப்படி இருந்தார். அவருக்குக் கோபம் இல்லை. உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார். டிராமில் வரும்போது உங்களைப் பற்றியேதான் பேசினார். அவர் போடும் சிரிப்பு முகம்தான் அவருடைய உண்மையான முகம். தயவுசெய்து அதை நம்புங்கள்."

டிராமில் பேசினார் என்றது பொய். அவர் ஒன்றும் பேசவில்லை. மற்றதெல்லாம் நிஜம்.

அனுப்பிவிட்டு அவரைக் கூட்டிவரப் போனாள். வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. குறுக்குச்சந்து இறைச்சிக் கடையில் பொரித்து விற்கும், அவருக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வடை இரண்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பிரிண்டர் வெகுநேரம் ஓடியது. இருபத்துமூன்று பேர் எழுதியிருந்தார்கள். இதுவரை எட்டிப்பார்க்காதவர்கள்கூட. எல்லா வரியின் கடைசியிலும் கண்ணீர் இறங்கும் முகம், கை ஊன்றிக் கவிழ்ந்த தலை. "தெரியாமல் போயிற்று, மன்னியுங்கள்." "உங்கள் தைரியத்தை நினைத்து அழுதேன்." "நீங்கள் எழுதுவதே எங்களுக்குப் பாக்கியம்." நண்டு ஒரே வரி எழுதியிருந்தாள்: "குடிகாரன் என்று சொன்ன வாயை என்ன செய்வது (T_T)"

தொகுஜி மேலே வெகுநேரம் இருந்தார். மத்தியானம் ஆள் இல்லாதபோது கிமியே படியேறிப் போனாள். அவர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அழுகிறாரா, கோபமா, நெகிழ்ந்திருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை.

"நல்லதாத்தானே எழுதியிருக்காங்க?" என்றாள்.

"ஏன் சொன்ன?"

அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள்.

"அங்க நான் நோயாளி இல்ல, கிமி" என்றார். அந்தத் தாழ்ந்த குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நேரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார். "வீட்ல நோயாளி. ஆஸ்பத்திரியில நோயாளி. கடையில எட்டிப் பார்த்தாலும் நோயாளி. அங்க மட்டும்தான் இல்லாம இருந்தேன்."

கீழே கதவு மணி அடித்தது, வாடிக்கையாளர். அவள் இறங்கிப் போக வேண்டியிருந்தது. அன்று அவள் வெட்டிய தலை எதுவும் அவளுக்கு நினைவில்லை.

சும்மா விட்டுவிடவில்லை தொகுஜி. ஒரு மாதம் முயன்று பார்த்தார். கிமியேயும் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல கதையாகப் பார்த்துச் சொன்னாள்: பதினொரு முடி மட்டும் உள்ள ஒருத்தர் வந்து, பின்னால் கொஞ்சம் கனமாக இருக்கிறது, குறைத்துவிடுங்கள் என்ற கதை. அதை எழுதிக் கீழே சிரிக்கும் முகம் போட்டார். பதில்கள் வந்தன. "இந்த நிலையிலும் எங்களைச் சிரிக்க வைக்கிறீர்களே." "குளிர் அதிகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." ஒருத்தராவது ‘பதினொன்றையும் நீயா எண்ணினாய்’ என்று கேட்கவில்லை. முன்பென்றால் முதல் பதிலே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

புது வருஷம் பிறந்ததும் அவர் இயந்திரத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

பிப்ரவரியில் ரிட்சு கடைக்கு வந்தாள். தங்கைக்குக் கல்யாணம், விசேஷத்துக்குப் போகும் பெண்கள் அங்கே செய்துகொள்வதுபோல் கழுத்தும் முகமும் சவரம் செய்துகொள்ள வேண்டும் என்றாள். ஷின்மினாத்தோவில் கடை இல்லாமலா டிராம் ஏறி வந்தாள்? கிமியே ஒன்றும் கேட்காமல் நாற்காலியைச் சாய்த்து, நுரை பூசினாள். பாதி முகம் முடிந்தபோது நுரைக்குள்ளிருந்தே ரிட்சு கேட்டாள். "அவர் எழுதறதையே விட்டுட்டாரே. என்னாலயா அக்கா?"

"இல்ல. என்னால."

கத்தியைத் துடைத்துவிட்டுக் கிமியே தொடர்ந்தாள். "ஒண்ணு கேட்கட்டுமா? அவரை முன்ன மாதிரி திட்டு. யோவ்னு கூப்பிடு. குடிகாரன்னு சொல்லு. அதான் அவருக்கு வேணும். மருந்து மாதிரி நினைச்சுக்க."

ரிட்சு மாடிக்குப் போனாள். கிமியே வாடிக்கையாளர் ஒருவருக்குத் தலை அலசிக்கொண்டே காதை மேலே வைத்திருந்தாள். "யோவ் சவரக்கத்தி" என்று ரிட்சுவின் குரல் பெரிதாக ஆரம்பித்தது. "பெரிய ஆளாயிட்டியோ, எழுத நேரமில்லையோ..." அதற்கப்புறம் சத்தமே இல்லை. கொஞ்சநேரம் கழித்து அவள் இறங்கி வந்தபோது சிரைத்த முகம் முழுக்க ஈரமாக இருந்தது.

"வரலக்கா. எதிர்ல அவர் அப்படி உட்கார்ந்திருக்கறப்ப திட்டு வரமாட்டேங்குது. வீட்டுக்குப் போய் எழுதறேன்."

எழுதினாள் போலிருக்கிறது. ஹிரானுமா ஒருதரம் தொலைபேசியில் கூப்பிட்டு, அவருக்கு நண்டிடமிருந்து ஒரு கடிதம் வந்து கிடக்கிறது என்றார். துண்டை எடுத்து, கிமியே தானே இயந்திரத்தைப் போட்டு அதை அச்செடுத்துக் கொடுத்தாள். தொகுஜி படித்தார்.

"என்னவாம்?"

"திட்டியிருக்கா." காகிதத்தை மடித்துக்கொண்டே, "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுத் திட்டியிருக்கா" என்றார்.

அதன்பிறகு மூன்று வருஷம் இருந்தார். மாடி ஏற முடியாமல் போனதும் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் படுக்கையைப் போட்டார்கள். பேச்சு குறைந்து குறைந்து மூச்சாகிவிட்டது. கிமியே கடைக்கதைகளை நிறுத்தவில்லை. கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஆற்றியபடி சொல்லுவாள். சொல்லி முடித்ததும், "சிரிச்சீங்களா?" என்று கேட்பாள். சிரித்திருந்தால் அவள் மணிக்கட்டை விரலால் ஒருதரம் அழுத்துவார். சில நாள் அழுத்தமாட்டார்.

"இதுக்குமா சிரிப்பு வரல?" என்பாள். கை அப்படியே கிடக்கும். கதை நன்றாக இல்லை என்று அர்த்தம். அந்த விஷயத்தில் மனுஷன் கடைசிவரை இரக்கம் காட்டவில்லை. அதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அவள்மேல் பரிதாபப்பட்டு அவர் ஒருநாளும் சிரிக்கவில்லை.

‘ஏன் சொன்ன’ என்று கேட்டதை அதற்கப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் பலதரம் நினைத்தாள். கேட்டால் அவர் அழுத்துவாரா மாட்டாரா என்று பயம். கேட்காமலே நாள் போயிற்று.

1997 ஜனவரியில் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. பத்து நாளில் போய்விட்டார். படுக்கையிலேயே கிமியே கடைசியாக அவருக்குச் சவரம் செய்தாள். முப்பது வருஷம் தாடை எலும்பைத் தொட்டுப் பழகிய கைக்கு அந்த முகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. உயிரோடிருந்தபோது இருந்த மாதிரியேதான் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

இறந்த செய்தியைப் பலகையில் ஹிரானுமாவே போட்டார். சடங்குக்கு ரிட்சு வந்து ஊதுவத்தி ஏற்றிவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டாள். அடுத்த வருஷம் பலகையையும் மூடிவிட்டார்கள். எல்லோரும் இன்டர்நெட்டுக்குப் போய்விட்டார்கள் என்று ஹிரானுமா சொன்னார். கிமியே கடையை நடத்திக்கொண்டிருந்தாள்.

சனாயே அவளுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தாள். அந்தப் போனிலேயே மஞ்சளும் சிவப்புமாகக் குட்டிக் குட்டி முகங்கள் வந்துவிட்டன, கோடு புள்ளியெல்லாம் கூட்ட வேண்டியதில்லை, ஒரு விசை போதும். வாரத்துக்கு ஒருதரம் மகளிடமிருந்து செய்தி வரும்.

மூன்று வாரம் ஒன்றும் வராமல் இருந்து, ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒருத்தர் தலையில் பாதி வெட்டியிருந்தபோது போன் கிணுகிணுத்தது. "கொஞ்ச நாளா வேலை அதிகம், எழுதல. நான் நல்லா இருக்கேன்." பக்கத்தில் கன்னம் சிவக்கச் சிரிக்கும் ஒரு முகம்.

கிமியே அதை இரண்டுதரம் படித்தாள். மீதித் தலையை வெட்டி முடித்தாள். காத்திருந்த இருவரிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டு, மூடியிருக்கிறது என்ற பலகையை மாட்டிவிட்டு நகோயா ரயிலைப் பிடித்தாள். போய்ச் சேர நாலு மணி நேரம் ஆயிற்று.

கதவைத் திறந்த சனாயே திகைத்துப்போனாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. "என்னம்மா! யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்னு எழுதினேனே. சிரிக்கிற மூஞ்சிகூடப் போட்டிருந்தேனே?"

"போட்டிருந்த. அதான் வந்தேன்."

சனாயேவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு, உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். பொரித்துக்கொண்டிருந்ததைப் பொரித்து எடுத்து வந்து வைத்தாள். அவள் சாப்பிட்டுக்கொண்டு ஆபீஸ் கதை ஏதோ சொல்லிச் சிரித்தாள். கிமியே குச்சிகளைக் கையில் எடுக்கவேயில்லை. மகள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.